"இதோ, இங்கதான் சார்"

போன செவ்வாய்க்கிழமை காலை. சென்னை ஓ.எம்.ஆர் ரோட்டில், துரைப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது ஓரமாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். நேர் எதிரே ஒரு பைக். பெட்ரோல் டேங்க் மேல் யூனிஃபார்மில் ஒரு சின்னப் பையன், ஹேண்டில்பாரில் தொங்கும் மாவு பாக்கெட், ஓட்டுகிறவர் முழங்கையில் ஹெல்மெட். ராங் சைடில் வருகிறவர் அவர். ஹெட்லைட்டைப் பளிச் பளிச்சென்று அடித்து என்னை ஒதுங்கச் சொல்கிறவரும் அவரே. வலது பக்கம் ஒதுங்கலாம் என்றால் பின்னால் தண்ணீர் லாரி. பிரேக் போட்டு அப்படியே நின்றுவிட்டேன். என்னைத் தாண்டும்போது, "பாத்து வரக் கூடாதாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த 'அண்ணா'தான் இன்னும் காதில் நிற்கிறது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

சிக்னலில் நிற்காமல் போனவரைக் கேளுங்கள், கொஞ்சமாவது அசடு வழிவார். குடித்துவிட்டு ஓட்டியவர்கூடத் தலையைக் குனிவார். ராங் சைடு மட்டும் நம் ஊரில் தப்புக் கணக்கிலேயே வராது. "இதோ, இங்கதான் சார், அந்தச் சந்து வரைக்கும்." எல்லோருக்கும் 'இங்கதான்'. ஆளுக்கு இருநூறு மீட்டர். அதையெல்லாம் வரிசையாக ஒட்டிப் பார்த்தால் டைடல் பார்க்கிலிருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் எதிர்த்திசையிலேயே போய்விடலாம்.

யூ-டர்ன் தூரம் என்பது உண்மை. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்குத் தடுப்பு வைத்து ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டார்கள், நேற்றிருந்த திருப்பம் இன்றைக்கு இல்லை என்பதும் உண்மை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடுப்பே இல்லாத எங்கள் ஏரியா மெயின் ரோட்டிலும் இதே கதைதானே?

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. நடுவில் மீடியன் இருக்கிற ரோட்டில் ஓரத்திலிருந்து மீடியன் வரைக்கும் கடக்கும்போது வலது பக்கம் மட்டும் பார்ப்பார். அதுதானே சரி, வண்டி அந்தப் பக்கமிருந்துதானே வர வேண்டும்? ராங் சைடு பைக் இடது பக்கமிருந்து, அதுவும் ஓரத்தை ஒட்டி, அவர் முதல் அடி வைக்கிற அதே இடத்துக்கு வருகிறது. பஸ் நிறுத்தத்தில் இன்னும் மோசம். பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் ஒருவர் எதிரே புகுந்து வருவார். படியில் இறங்குகிறவர் கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பாரா, முன்பக்கமிருந்து வரும் வண்டியைப் பார்ப்பாரா? போன வருடம் அம்மாவின் பையை ஒரு பைக்கின் கண்ணாடி இழுத்துக்கொண்டு போனது. தக்காளிதான் போச்சு, கை தப்பித்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்தில், எதிர்த்திசையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் 'ஆபத்தான ஓட்டுதல்' என்று பெயர் சொல்லியே சேர்த்தார்கள். சிறைத்தண்டனை வரைக்கும் இடம் உண்டு. ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம், இந்த 184 யாருக்குத் தெரியும்? 2022இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்து நடந்த மாநிலம் நம்முடையது. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். கொரோனா சமயத்தில் தினமும் எண்ணிக்கை பார்த்துப் பதறிய நாம் இதற்குப் பதறியதாக எனக்கு நினைவில்லை.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியன் இல்லை. தெருமுனையிலிருந்து மருந்துக்கடை நூற்றைம்பது மீட்டர், ராங் சைடில். எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அம்மாவின் பை போன அந்த வாரத்தோடு நிறுத்தினேன்.

நேற்று ராத்திரி அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க யூ-டர்ன் வரைக்கும் போய்ச் சுற்றி வந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார் கடைக்காரர். "ஏன் சார் இவ்ளோ லேட்டு?" என்றார். யூ-டர்ன் போட்டு வந்த கதையைச் சொன்னேன். மாத்திரையை எண்ணிக்கொண்டே சொன்னார்: "தோ இருக்கு உங்க தெரு. அப்படியே வந்திருக்கலாமே?"