டைம் என்றால் ஒரு சொல் போதாது

துருக்கி மாணவர்களுக்கு ஆங்கில 'டைம்' என்ற சொல்லை விளக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன், நன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் 'ஸமான்' (காலம், நேரம்) என்று ஒரே துருக்கிச் சொல்லைப் போட்டது இடிக்கிறது. மணி கேட்க அவர்களுக்கு 'சாஅத் கச்', அதாவது 'மணி எத்தனை'. சாஅத் என்றால் மணி நேரம், கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம் எல்லாம்தான். நம் 'மணி' கோயில் மணியாகவும் இருப்பது போல!

என்னோடு வேலை பார்த்த துருக்கி நண்பர் 'த்ரீ டைம் சொல்லிட்டேன்' என்றே சொல்வார். 'டைம்ஸ்' வரவே வராது. எண்ணுக்குப் பின் அவர்கள் மொழியில் பன்மை விகுதி கிடையாது. 'உச் கெரெ', அவ்வளவுதான். நாமும் 'மூணு தடவை' என்றுதானே சொல்கிறோம், 'தடவைகள்' என்றா? அதனால் அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. தடவைக்கு இன்னொரு துருக்கிச் சொல் 'தெஃபா'. சென்னையில் 'நாலு தபா சொன்னேன்' என்பார்களே, அதே அரபு வேர்தான், நமக்கு உருது வழியாக வந்தது.

'ஆன் டைம்', 'இன் டைம்' இரண்டுக்கும் பெரும்பாலும் 'ஸமானிந்தா' என்றே சொல்லிவிடுவார்கள். குழப்பம் அங்கேதான். ரயில் குறித்த நேரத்துக்கு வந்தது வேறு, அது கிளம்புமுன் நாம் ஓடிப்போய்ப் பிடித்தது வேறு. கட்டுரை இதை ஒரே வரியில் கடந்துவிட்டது.

கட்டுரையில் மரபுத்தொடராக 'வகித் நகித்திர்' சேர்த்திருக்கலாம். காலம் ரொக்கம் என்று பொருள், எதுகையோடு! 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' அவர்களுக்கு 'நாற்பது வருஷத்தில் ஒருமுறை'. நமக்கு ஆடிக்கொருதரம், அமாவாசைக்கொருதரம்.