ஷீட் அறுப்பவரின் மூச்சுக்கு யார் கணக்கு வைப்பது?

கூரை ஷீட்டில் கலந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக வந்துவிடுகிறது: "இத்தனை வருஷமா ஊரெல்லாம் ஷீட்டுதான் போட்டிருக்காங்க, யாருக்கு என்ன ஆச்சு?" கேட்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. யாருக்கு என்ன ஆனது என்று நாம் தேடிப் பார்க்கவே இல்லையே.

கல்நார் தூசி உடனே ஆளைச் சாய்க்காது. கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சோடு இறங்கி நுரையீரலின் கடைக்கோடியில் குத்தி நின்றுவிடும். உடம்பால் அவற்றைக் கரைக்க முடியாது. சுற்றிலும் மெல்லத் தழும்பு கட்டி, நுரையீரல் விறைத்துப்போகும். அதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். நாலு படி ஏறினால் இரைக்கும், வறட்டு இருமல் விடாது. இது வெளியே தெரியவே பத்து, இருபது வருஷம் ஆகும். நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய்க்கு முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகலாம். தழும்பை மாற்ற இன்றுவரை மருந்து கிடையாது.

இவ்வளவு தாமதமாக வரும் நோய் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-லேயே புரிந்துகொண்டது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை அவருடைய மருத்துவப் பதிவுகளைக் கல்நார் ஆலை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் அது உதவும். காண்ட்ராக்டர் அழைத்துவந்து, ஆலையில் கல்நார் மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டு ஆறு மாதத்தில் வேறு ஊருக்குப் போனவர் எந்த ஏட்டில் இருப்பார்?

ஆலைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். கூரை வேலைக்கு வருபவர் கட்டிங் மெஷினை வைத்து ஷீட்டை அறுக்கிறார், வெள்ளையாகப் புழுதி பறக்கிறது, வாயில் கட்டியிருப்பது ஒரு துணித் துண்டு. அந்தத் துண்டு இழையைத் தடுக்காது. அவருடைய சட்டையை உதறித் துவைக்கும் மனைவிக்கும் அதே தூசிதான். பிற்பாடு இருமலோடு மருத்துவமனைக்குப் போனால் பீடி குடிப்பீர்களா என்று கேட்பார்கள், டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வி அநேகமாக வராது. ஆஸ்பெஸ்டோசிஸைக் கண்டறிந்தால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கண்டறிந்தால்தானே தெரிவிக்க முடியும்!

கல்நார் சுரங்கங்களுக்குப் புதுக் குத்தகை தருவதை இந்திய அரசு 1986-லேயே நிறுத்தியது. ஆனால் ரஷ்யாவிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் இறக்குமதி தொடர்கிறது. வெட்டியெடுப்பவருக்கு ஆபத்தான பொருள் அறுப்பவருக்கு எப்படிப் பாதுகாப்பாகும்? வெள்ளைக் கல்நார் என்ற வகையைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் பிரச்சினையில்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நாமும் செய்ய வேண்டும்.

தடை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. கூரை வேலை செய்தவர்களை அதிலிருந்து அழைத்து எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் பரிசோதனையும் செய்யத் தொடங்கலாம். அப்புறம், உங்கள் வீட்டில் பழைய ஷீட்டைக் கழற்றுகிறீர்கள் என்றால் மெஷின் வைத்து அறுக்க விடாதீர்கள். நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். இந்த வேலை பார்த்த யாராவது இருமலோடு மருத்துவரிடம் போனால், எந்த வருஷத்திலிருந்து எத்தனை வருஷம் ஷீட் அறுத்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.