ஒரு ஸ்வரம் விடாம எழுதி வச்ச ஜாஸ்: நிக்கலாய் காபுஸ்தின்

ஜாஸ் பாணியில பியானோ இசை எழுதின சோவியத் காலத்து இசையமைப்பாளர் நிக்கலாய் காபுஸ்தினை எங்கட ஆக்கள் கேக்கோணும் எண்டு கன நாளா எழுத நினைச்சுக்கொண்டு இருக்கிறன், இண்டைக்குத்தான் நேரம் கிடைச்சது, கொஞ்சம் நீளமாத்தான் போகும், இசையில விருப்பம் இருக்கிற ஆக்கள் பொறுமையா வாசியுங்கோ. முதல்லயே சொல்லிடுறன், ஜாஸும் மேற்கத்தைய செவ்வியல் இசையும் சேந்த இசை எண்டு நான் இதுவரைக்கும் கேட்டதில இவருக்குக் கிட்ட வாறதுக்கு ஒருத்தரும் இல்ல.

மகள் பியானோ பழகுறா. அவவின்ர கிரேட் எக்ஸாம் பீஸை யூடியூப்ல போட்டுக் காட்டினனான், அது முடிய அடுத்ததா தானா ஓடினதுதான் காபுஸ்தின்ர எட்டு கொன்சேர்ட் எட்யூட்களில (மேடையில வாசிக்கிற பயிற்சித் துண்டுகள்) முதலாவது, ஓபஸ் 40 (ஓபஸ் எண்டா படைப்பு வரிசை எண்). இடக்கை கீழ நிக்காம ஓடுது, வலக்கை தாளத்தில விழாம தாளத்துக்கு இடையில விழுது. மிருதங்கம் பழகின ஆக்களுக்கு இது உடன பிடிபடும், அனாகத எடுப்பில, அதாவது அடி விழுந்து கொஞ்சம் பிந்தி, பாட்டு வரேக்க ஒரு தவிப்பு வருமே, அடி விழுறதுக்கும் சொல் விழுறதுக்கும் நடுவில, அந்தத் தவிப்பை இந்த மனுசன் ரெண்டு நிமிஷத்துக்கு மேல விடாமப் பிடிச்சுக்கொண்டு போறார். கேக்கிற ஆருக்கும் ஒரு ஜாஸ் கலைஞர் மேடையில இருந்து அந்த நேரம் தோன்றுறதை வாசிக்கிறார் எண்டுதான் படும். ஆனா அந்த வீடியோவில இசைத்தாள் பக்கம் பக்கமா ஓடிக்கொண்டு இருக்கு, ஒவ்வொரு ஸ்வரமும் அதில இருக்கு, அந்த வழுக்கல், அந்த இடறல், சும்மா போற போக்கில தட்டின மாதிரிக் கேக்கிற அந்த ஒரு சின்னக் கோர்ட் (ஒண்டாச் சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) கூட எழுதி வச்சது! நான் திருப்பித் திருப்பி அந்தத் தாளைத்தான் பாத்துக்கொண்டு இருந்தன்.

ஆள் ஆர் எண்டு தேடிப் பாத்தா கதையும் லேசுப்பட்டது இல்ல. 1937ல ஹோர்லிவ்காவில பிறந்தவர், அது உக்ரேனில டொனெட்ஸ்க் பக்கம், இப்ப யுத்தச் செய்தியில அடிபடுற இடம். ரெண்டாம் உலக யுத்தத்தில தகப்பன் சண்டைக்குப் போக, தாயோட குடும்பம் கிர்கிஸ்தானுக்கு இடம்பெயர்ந்து போச்சு. திருகோணமலை ஆக்களுக்கு இடப்பெயர்வு எண்டா என்னெண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல, எங்கட எத்தினை வீட்டில ஹார்மோனியமும் வீணையும் விட்டுட்டு வந்த சாமான் கணக்கில போச்சு. அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகும் பியானோவைப் பிடிச்சு, 14 வயசில மொஸ்கோவுக்குப் போய், அங்க அவ்ரேலியன் ருபாக் எண்ட ஆசிரியரிட்டப் பழகி, பிறகு மொஸ்கோ கொன்சர்வேற்றரியில அலெக்சாண்டர் கோல்டன்வைசரிட்டப் படிச்சு 1961ல வெளிய வந்தது. கோல்டன்வைசர் ஆர் எண்டா, ரஹ்மானினோவ், ஸ்க்ரியாபின் எல்லாரோடயும் ஒண்டா வளர்ந்தவர், டால்ஸ்டாயின்ர வீட்டுக்குப் போய் வந்து பழகின நண்பர். அப்பிடி ஒரு குரு பரம்பரை.

ஜாஸ் எங்க இருந்து வந்தது? ரேடியோவில இருந்து. வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா சிற்றலையில வில்லிஸ் கொனோவர் எண்டவர் 1955ல இருந்து ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினவர், சோவியத் நாட்டில இளம் பெடியள் அதைத்தான் இரவிரவா காதைக் குடுத்துக் கேட்டது, காபுஸ்தினும் வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவிலதான் ஜாஸைப் பிடிச்சவர். எங்கட திருகோணமலையிலயும் ஜேர்மன் வானொலியின்ர சிற்றலை அஞ்சல் நிலையம் கனகாலம் இருந்ததுதானே, அந்தப் பெரிய அண்டெனாக்களைப் பாத்து வளந்த எனக்கு இந்த இடம் நல்லாப் பிடிச்சது, ஒரு நாட்டில இருந்து அனுப்புற சத்தம் எந்த ஊரில எந்தப் பிள்ளையின்ர காதில விழுந்து என்னவா முளைக்கும் எண்டு அனுப்புறவனுக்கே தெரியாது.

அந்த நாட்டில ஜாஸுக்கு நல்ல பேர் இருந்ததும் இல்ல. 1928லயே மாக்ஸிம் கோர்க்கி பிராவ்தா பத்திரிகையில ஜாஸைத் திட்டித் தீர்த்து எழுதினவர். (கோர்க்கியைத் தமிழில வாசிச்சு வளந்த தலைமுறை எங்கட ஊரில இப்பவும் இருக்கு, அவையளுக்கு இது ஆச்சரியமா இருக்கும்.) ஸ்டாலினுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கதவு திறந்தது. 1957ல மொஸ்கோவில உலக இளைஞர் மாணவர் விழா நடக்கேக்க காபுஸ்தின் தன்ர ஓபஸ் 1, பியானோவுக்கும் ஓர்கெஸ்ட்ராவுக்குமான கொன்சேர்ட்டினோவை வாசிச்சார். படிப்பு முடிச்சு 1961ல இருந்து 1972 வரைக்கும் ஒலெக் லுண்ட்ஸ்ட்ரெம்மின்ர ஜாஸ் ஓர்கெஸ்ட்ராவில பியானோ. பதினொரு வருஷம் ஒரு பெரிய ஜாஸ் குழுவோட ஊர் ஊராத் திரிஞ்ச அனுபவம், அதுக்கு மேல பாஹ், ஷொப்பான் எல்லாம் விரலில ஏறின பயிற்சி, ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருந்தது. அதுதான் முக்கியம் எண்டு நான் நினைக்கிறன். ரெண்டு ஆள் சேந்து செய்த கலப்பு இல்ல இது.

ஏனெண்டா கலப்பு எண்ட பேரில எங்களுக்குக் காட்டுற கூடுதலான சரக்கு எப்பிடி இருக்கு? ஒரு ட்ரம் செட், ஒரு பேஸ் கிட்டார், அதுக்கு மேல வயலினில ஒரு ராகம், நடுவில கொன்னக்கோல் (வாயால தாளச் சொல் சொல்லுறது) ஒரு சுத்து, கைதட்டு, முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் தாங்கள் வந்த மாதிரியே திரும்பிப் போகினம், ஒண்டு மற்றதைத் தொடேல்ல. காபுஸ்தினில அப்பிடிப் பிரிச்சுக் காட்ட ஏலாது, பால் தேத்தண்ணியில இருந்து பாலைத் திருப்பி எடுக்கிற மாதிரி அது.

ஒரு உதாரணம் சொல்லுறன். ஓபஸ் 28, 'பழைய பாணியில ஒரு சூட்', 1977ல எழுதினது, சூட் எண்டா நடனத் துண்டுகளைக் கோத்த ஒரு தொகுப்பு. பாஹ் எழுதின பார்த்தீத்தாக்கள் எண்ட சூட்களின்ர மாதிரியில நடன வரிசை, அல்லமாந்து, கவொத்து, சரபாந்து, பூரே, ஜிக். வடிவம் முழுக்க பதினெட்டாம் நூற்றாண்டு. சரபாந்து எண்டா மூண்டு தாளத்தில ரெண்டாவது அடியில ஒரு கனம் இருக்கும், அந்தக் கனத்தை இவர் அப்பிடியே வச்சிருக்கிறார், ஆனா அந்தக் கனம் விழுற கோர்ட் இரவு நேரக் கிளப்பில சிகரெட் புகைக்கு நடுவில கேக்கிற கோர்ட். ஜிக்கில ஒரு குரல் ஓட மற்றக் குரல் துரத்துது, பாஹ் செய்யிற அதே வேலை, ஓடுறது ஜாஸ் சொற்கட்டு. பாஹுக்கு ட்ரம்ஸ் அடிச்சு விக்கிற ஆக்களும் இருக்கினம்தான், அது வேற வியாபாரம்.

பிறகு 24 ப்ரெலூட்கள் (சின்னச் சின்ன பியானோத் துண்டுகள்), ஓபஸ் 53, 1988. ஷொப்பான் 24 ஸ்ருதிகளுக்கும் ஒவ்வொரு ப்ரெலூட் எழுதின அதே ஒழுங்கில இவரும் எழுதியிருக்கிறார். அதோட விடாம 1997ல 24 ப்ரெலூட்டும் ஃபியூகும், ஓபஸ் 82. ஃபியூக் எண்டா ஒரு சின்னப் பல்லவியை ஒரு குரல் எடுக்கும், அடுத்த குரல் வேற ஸ்தாயியில அதையே எடுக்கும், பிறகு மூண்டாவது, எல்லாம் ஒண்டோட ஒண்டு இடறாமப் போகோணும், கணக்குப் பிழைச்சா எல்லாம் குழம்பிடும். அந்தப் பல்லவியே ஜாஸ் மாதிரி ஆடி ஆடி, ஸ்விங் பண்ணினா எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ.

இப்ப விசயத்துக்கு வாறன். இவரைப் பற்றி நான் கதைச்ச ஒரு ஆள், இசை நல்லாத் தெரிஞ்சவர், கேட்டுட்டு, 'எழுதி வச்சு வாசிச்சா அது ஜாஸ் இல்லயே, மனோதர்மம், அந்த நேரத்துக் கற்பனை, இல்லாத ஜாஸ் என்ன ஜாஸ்' எண்டு சொல்லிட்டு ஹெட்ஃபோனைக் கழட்டித் தந்துட்டார். உலகத்திலயும் நிறையப் பேர் அதைத்தான் சொல்லுகினம். காபுஸ்தினே தான் ஜாஸ் கலைஞன் இல்ல எண்டும், தனக்கு உடனுக்குடன் கற்பனை பண்ணி வாசிக்கிறதில ஆர்வம் இல்ல எண்டும், எழுதிறதால அந்தக் கற்பனை இன்னும் நல்லா வருது எண்டும் பேட்டியில சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த மனுசனில மரியாதை கூடினது அந்த இடத்திலதான்.

நான் கேக்கிறன், எங்கட இசையில இந்தக் கேள்விக்கு எப்பவோ பதில் வந்துட்டுதே? தியாகராஜர் கீர்த்தனையில சங்கதி எண்டா என்ன? ஒரே வரி, முதல் தரம் சாதாரணமா, ரெண்டாம் தரம் ஒரு வளைவு, மூண்டாம் தரம் மேல போய் இறங்கும், கேக்கிறவனுக்குப் பாடுறவ அப்பத்தான் கண்டுபிடிச்சுப் பாடுற மாதிரி இருக்கும். ஆனா அது பாடாந்தரம், குருவிட்ட இருந்து வந்தது, ஒழுங்கும் மாறாது. அதுக்காக ஆரும் அதை உயிரில்லாத பாட்டு எண்டு சொல்லுறதில்ல. தவிலில தனி ஆவர்த்தனத்தைப் பாருங்கோ, கடைசியில வாற மோராவும் கோர்வையும், அந்த முடிவுக் கணக்குச் சொற்கட்டுகளை, எத்தினை வித்வான்மார் வீட்டில இருந்து கணக்குப் போட்டு, சொல்லிச் சொல்லிப் பாத்து, கை ஏத்தின பிறகுதான் மேடைக்குக் கொண்டு வருகினம். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின்ர பதிவுகளைக் கேக்கிற நேரம் எது அந்தக் கணம் வந்தது, எது முதலே கட்டினது எண்டு என்னால பிரிக்க ஏலாது, பிரிக்கவும் தேவையில்ல. கோணேசர் கோயில் திருவிழாவில மேளச் சமா நடக்கேக்க தீர்மானம் சரியா வந்து சமத்தில விழ சனம் 'ஆ' எண்டு சொல்லுதே, அந்தச் சனம் இது நேற்றே யோசிச்சதா எண்டு கேக்கிறேல்ல. முதலே கட்டி வச்ச கற்பித சங்கீதம், அந்த நேரம் கற்பனை பண்ணுற மனோதர்ம சங்கீதம் எண்டு ரெண்டையும் வச்சு ரெண்டுக்கும் மரியாதை குடுத்த மரபு எங்கட. அந்தக் காதோட கேட்டா காபுஸ்தினை விளங்கிறது மேற்கத்தைய ஆக்களை விட எங்களுக்குத்தான் லேசு எண்டு நான் நம்புறன்.

ஓபஸ் 40ல ஏழாவது, இன்டர்மெட்ஸோ, அதைப் போட்டுப் பாருங்கோ. தொடக்கம் சாவகாசம், ஒரு அவசரமும் இல்ல. அந்த மெட்டு திரும்பி வரேக்க வலக்கை ஒற்றை ஸ்வரமா இல்லாம ரெண்டு ரெண்டு ஸ்வரமா, மூன்றாம் இடைவெளியில சோடி சோடியா ஓடத் தொடங்கும். பியானோ பழகுற பிள்ளையளிட்டக் கேளுங்கோ, அப்பிடி வேகமா சோடியா ஓட்டுறது எவ்வளவு கை நோவு எண்டு. ஆனா கேக்கிறவனுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது, ஒரு சிரிப்பு மாதிரித்தான் கேக்கும். அதே மெட்டுக்கு அடுத்த சங்கதி, அவ்வளவுதான்.

கெர்ஷ்வின் 1924லயே செய்துட்டாரே எண்டு ஒரு ஆள் கட்டாயம் கேப்பார். ராப்சொடி இன் ப்ளூ எனக்கும் உயிர், அந்தத் தொடக்கத்துக் கிளாரினெட் ஏத்தத்தை ஆர் மறப்பினம். ஆனா அதில நல்ல நல்ல மெட்டுகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்து நிக்குது, கட்டுமானம் தளர்ச்சி. காபுஸ்தின் 20 பியானோ சொனாட்டா (இறுக்கமான கட்டுமானம் உள்ள பெரிய வாத்தியப் படைப்பு) எழுதினவர், சொனாட்டா வடிவத்தின்ர எலும்பு முழுக்க உள்ளுக்க இருக்கு, அதில ஜாஸ் நடக்குது. மற்றது இளையராஜா 1986ல வெளியிட்ட வாத்திய இசைத் தொகுப்பு, பாஹும் கர்நாடக இசையும் சந்திக்கிறது, அதைக் கேட்டு வளந்த காதுதான் என்ர காதும். அங்க நிறைய இடத்தில ரெண்டு பேர் எதிர் எதிர இருந்து கதைக்கிற அழகு. இங்க ஒரே ஆள்தான் கதைக்கிறார். ரெண்டும் வேணும் எனக்கு.

மனசில இருக்கிற இன்னொண்டையும் சொல்லோணும். எங்கட ஊரில மேற்கத்தைய இசை எண்டா ஒண்டு சேர்ச், இல்லாட்டி கலியாண வீட்டு பாண்ட், இல்லாட்டி கிரேட் சேர்ட்டிபிக்கட். பிள்ளை வருஷத்துக்கு மூண்டே மூண்டு பீஸைத் தேய்ச்சுத் தேய்ச்சு வாசிச்சு, எக்ஸாம் முடிய அந்தப் புத்தகத்தை மூடி வைக்குது. வாசிக்கிற பிள்ளை கேக்கிறதில்ல. இதில ஆசிரியர்மாரை மட்டும் குறை சொல்ல ஏலாது, பெற்றோர் நாங்கள்தான் 'எத்தினை மார்க்ஸ்' எண்டு முதல் கேக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பிள்ளையோட இருந்து எக்ஸாமில இல்லாத எதையாவது கேளுங்கோ, மிச்சத்தைப் பிள்ளையே தேடும். மகள் இப்ப தானாவே ஓபஸ் 40ல அஞ்சாவதைப் போடச் சொல்லிக் கேக்கிறா, அது பூகி வூகி எண்ட துள்ளல் ஜாஸ் பியானோ நடையில வாறது.

காபுஸ்தின் 2020 ஜூலை 2ம் திகதி மொஸ்கோவில காலமானார், 82 வயசு, ஓபஸ் 161 வரைக்கும் எழுதி வச்சிட்டுப் போயிருக்கிறார். வெளிநாட்டில பேர் பரவினதே கடைசிக் காலத்திலதான், ஸ்டீவன் ஒஸ்போர்ன் 2000லயும் மார்க்-அந்திரே ஹமெலின் 2004லயும் அவரின்ர இசைக்கு முழு இசைத்தட்டே வெளியிட்ட பிறகு. ரெண்டும் அருமை. ஆனா என்ர தெரிவு அவரே வாசிச்ச பதிவுகள், தாளம் கல்லு மாதிரி நிக்கும், எந்த இடத்திலயும் 'என்னைப் பாருங்கோ' எண்டு நிறுத்திக் காட்ட மாட்டார்.

புதுசாக் கேக்கிற ஆக்கள் ஓபஸ் 41, வேரியேஷன்ஸில தொடங்குங்கோ, ஒரு மெட்டு எத்தினை உருவம் எடுக்குது எண்டு ஆறேழு நிமிஷத்தில விளங்கிடும். பியானோ மட்டும் கேக்க அலுப்பா இருந்தா புல்லாங்குழல், செலோ, பியானோ மூண்டுக்கும் எழுதின ட்ரியோ இருக்கு, ஓபஸ் 86. ஃபியூகுகளைக் கடைசிக்கு வையுங்கோ. போன் ஸ்பீக்கரில கேக்காதீங்கோ, இடக்கை முழுக்கக் காணாமப் போயிடும், அவரின்ர இசையில பாதி அங்கதான் இருக்கு.

லண்டன், ரொறன்ரோ, பரிஸ் பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள், உங்கட ஊர் ஹோலில காபுஸ்தின் வாசிக்கினம் எண்டு கண்டா ரிக்கெட்டைப் பாக்காமப் போங்கோ, போயிட்டு வந்து எழுதுங்கோ. திருகோணமலையில, மட்டக்களப்பில, யாழ்ப்பாணத்தில ஓபஸ் 28ன்ர சரபாந்தை மட்டுமாவது வாசிக்கக் கூடிய பிள்ளை ஆராவது இருந்தா இன்பொக்ஸில சொல்லுங்கோ, நல்ல பியானோ இருக்கிற இடம் ஒண்டு நான் பாத்துத் தாறன், கேக்க வாற ஆக்களையும் நானே கூட்டிக்கொண்டு வாறன்.