நாற்காலியில் விட்டுவந்தவன்

‘சோமா’ வீடியோ விளையாட்டை இன்னும் ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு இந்தப் பதிவுக்கு வருவது நல்லது. அதன் முடிவை வெளிப்படுத்தாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு வழியே இல்லை.

சுவீடன் நாட்டு ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட இந்த அறிவியல் புனைவுத் திகில் விளையாட்டின் கதையைத் தமிழில் ரசிகர் புனைவாக, அதாவது ஃபேன் ஃபிக்‌ஷனாக, எழுதிப் பார்க்கும் வேலையில் சில மாதங்களாக மூழ்கியிருக்கிறேன். மூன்று வரைவுகளை எழுதி மூன்றையும் கிடப்பில் போட்டுவிட்டு, இப்போது நான்காவதில் இருக்கிறேன். அவை ஏன் தோற்றன என்று யோசித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: சோமாவைத் திரும்ப எழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் கடைசிக் காட்சியைத் திருத்தவே ஆசைப்படுகிறோம், ஆனால் எழுதப்படாமல் கிடக்கிற கதை அங்கே இல்லை, அதற்கு வெகு முன்னால், ஆமிக்ரான் என்ற ஆழ்கடல் நிலையத்தில் ஒரு நாற்காலியில் கண் மூடிக் கிடக்கிறது.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015இல் டொராண்டோ நகரில் வாழும் சைமன் ஜாரெட், கார் விபத்தொன்றில் மூளையில் காயம்பட்டவன். அதே விபத்தில் உடன் வந்த தோழியை இழந்தவன். சோதனை நிலையில் இருக்கும் சிகிச்சை ஒன்றுக்காகத் தன் மூளையை ஸ்கேன் செய்துகொள்ளச் சம்மதித்து, டேவிட் முன்ஷி என்ற ஆய்வு மாணவரின் நாற்காலியில் அமர்கிறான். கண் விழிக்கும்போது ஆண்டு 2104. இடம் அட்லாண்டிக் கடலடியில் இருக்கும் பேத்தோஸ்-2 என்ற ஆய்வு வளாகம். அதற்கு முந்தைய ஆண்டில் டெலோஸ் என்ற வால்நட்சத்திரம் மோதிப் பூமியின் மேற்பரப்பு எரிந்து போயிருக்கிறது. உண்மையான சைமன் ஸ்கேன் எடுத்த சில வாரங்களிலேயே இறந்துபோனான் என்பதும், இப்போது விழித்திருப்பது அந்த ஸ்கேனின் நகல் என்பதும், அந்த நகல் இறந்துபோன ஒரு பெண்ணின் உடலில், அவள் அணிந்திருந்த நீர்மூழ்கி உடைக்குள் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவருகின்றன. அந்த வளாகத்து விஞ்ஞானி கேத்தரின் சுன் என்பவரும் இறந்துவிட்டவரே. சைமன் கையில் வைத்திருக்கும் கருவியில் ஒரு சில்லாக மட்டும் இருந்துகொண்டு அவனுக்கு வழிகாட்டுகிறார். மனிதர்களின் மூளை நகல்கள் வாழும் மெய்நிகர் உலகம் ஒன்றைச் சுமக்கும் ‘ஆர்க்’ என்ற பேழையை விண்வெளிக்கு அனுப்புவது அவர்கள் இருவரின் நோக்கம்.

இந்த விளையாட்டு நம்மை ஏமாற்றும் விதம் மிக நுட்பமானது. அதன் ஏமாற்று வேலை முழுவதும் கேமராவில் இருக்கிறது. ஆமிக்ரான் நிலையத்துக்குக் கீழே உள்ள படுகுழியின் நீரழுத்தத்தை சைமனின் உடை தாங்காது என்பதால், வலுவான இன்னோர் உடைக்குள் அவனை ‘மாற்ற’ வேண்டும் என்கிறார் கேத்தரின். நாம் நாற்காலியில் அமர்கிறோம், திரை இருள்கிறது, புதிய உடைக்குள் கண் விழிக்கிறோம். ஒரு நிமிடம் எல்லாம் சரியாக நடந்ததுபோலத்தான் இருக்கிறது. பிறகு எதிரிலுள்ள நாற்காலியிலிருந்து நம் குரலே, ஏன் எதுவும் நடக்கவில்லை என்று கேட்கிறது. கேத்தரின் அவனைத் தூங்க வைத்துவிடுகிறார். அவனது மின்கலத்தை வடித்துக் கொன்றுவிட்டுப் போவதா, என்றோ ஒருநாள் தனியாக விழிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போவதா என்ற தெரிவை விளையாட்டு நம் கையில் கொடுக்கிறது.

இந்த இடத்தில் அநேகம் பேர் நாணயம் சுண்டும் உவமையைச் சொல்வார்கள்: தலை விழுந்தால் புதிய உடலில் விழிப்பாய், பூ விழுந்தால் பழைய உடலிலேயே கிடப்பாய். நாணயம் எதுவும் அங்கே சுண்டப்படவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு சைமன்களும் விழிக்கிறார்கள். நமக்கு வாய்த்தவன் எப்போதும் வென்றவன் போலத் தோன்றுவதற்குக் காரணம், கேமரா அவனோடு போனது மட்டுமே. பேழையை ஏவும் ஃபை நிலையத்தில், சைமனின் நகலொன்றையும் ஏற்றிக்கொண்டு அது விண்ணுக்குப் புறப்பட்ட பிறகு, கேமரா முதன்முறையாகத் தங்கிப்போனவனோடு தங்கிவிடுகிறது; அதனால்தான் அந்த முடிவு நம் நெஞ்சில் அப்படி இறங்குகிறது. எழுத்தில் கேமரா இல்லை என்பதால், அந்த வேலையை ‘நான்’ என்ற சொல்தான் செய்தாக வேண்டும்.

என் முதல் வரைவு, ரசிகர் புனைவு உலகில் ‘ஃபிக்ஸ்-இட்’ என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது. ஃபை நிலையத்தின் இருட்டில் தனியாக விடப்பட்ட சைமனை எப்படியோ மேலே கொண்டுவந்து, பழுதான கேத்தரினின் சில்லைச் சரிசெய்து, இரண்டாவது பேழை ஒன்றைக் கட்டவைத்தேன். எழுதும்போது மனத்துக்கு இதமாக இருந்தது. முடித்துப் படித்தபோதோ, அந்தக் கதையில் யாருமே எதையும் இழக்கவில்லை என்பது தெரிந்தது. அவ்வகைப் புனைவை நான் இழிவாக நினைக்கவில்லை. துயரத்தில் முடிந்த கதையைத் தாங்க முடியாமல் ஒருவர் இரவோடிரவாக எழுதும் ஆறுதல் கதைக்கு அதற்குரிய நியாயம் உண்டு. சோமாவுக்கு மட்டும் அது பொருந்தாது என்பேன், ஏனெனில் பேழைக்குள் விழித்த சைமன் வழியாக விளையாட்டே ஓர் ஆறுதல் முடிவைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சூரிய ஒளியும் மரங்களும் கேத்தரினின் புன்னகையும் இருந்தும் நமக்கு ஆறுதல் கிடைக்கவில்லை என்றால், நான் எழுதும் இரண்டாவது பேழை மட்டும் அதைக் கொடுத்துவிடாது.

இரண்டாவது வரைவு, பேத்தோஸ்-2 வளாகத்தைப் பராமரிக்கும் வாவ் என்ற செயற்கை நுண்ணறிவின் பார்வையில் அமைந்தது. மனித இனத்தை உயிரோடு காக்க வேண்டும் என்ற பணி அதற்கு இருக்கிறது. மனிதர் என்றால் யார், உயிர் என்றால் எது என்ற வரையறை மட்டும் அதனிடம் இல்லை. ஆகவே இறந்தவர்களின் உடலில் ஸ்ட்ரக்சர் ஜெல் என்ற கூழ்ப்பொருளைச் செலுத்துகிறது, எந்திரங்களுக்குள் மூளை நகல்களை ஏற்றி எழுப்புகிறது. கவர்ச்சியான பார்வைதான். ஆனால் நான் எழுதிய வாவ் பத்தாம் பக்கத்திலேயே தத்துவம் பேசத் தொடங்கிவிட்டது. பேசாமல் இருப்பதுதானே அதன் பயங்கரம்! மூன்றாவது வரைவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிகழ்வுகளை வரிசையாக உரைநடையில் எழுதினேன், அது கதைச்சுருக்கம் போலிருந்தது.

இந்த மூன்றையும்விட என்னைத் திணறவைத்தது தமிழ் இலக்கணம் என்றால் சிரிப்பீர்கள். உப்சிலான் நிலையத்தில் கார்ல் செம்கென் என்ற எந்திரம் கிடக்கிறது. தான் மனிதன் என்றே அது நம்புகிறது. தன் கை கால்கள் நலமாக இருப்பதாகச் சொல்கிறது. பார்த்தீர்களா, நானே ‘அது’ என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலை ஒரு பிரதிப்பெயரோடு முடித்துக்கொள்ளலாம், வேண்டுமானால் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லித் தப்பித்தும் கொள்ளலாம். தமிழில் வினைமுற்று விடாது. ‘கார்ல் அழுதான்’ என்றால் அவனை மனிதனாக ஏற்றுக்கொண்டுவிட்டேன். ‘கார்ல் அழுதது’ என்றால் பொறி என்று ஒதுக்கிவிட்டேன். மின்சாரத்தைத் திருப்பிவிட வேண்டிய கட்டாயத்தில் சைமன் அந்த எந்திரத்துக்கு என்ன செய்தான் என்பதைச் சொல்லும் வாக்கியத்தின் கடைசி எழுத்துகளில் என் தீர்ப்பு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மக்களும் தேவரும் நரகரும் உயர்திணை, மற்றவை உயிருள்ளவையானாலும் இல்லாதவையானாலும் அஃறிணை என்கிறது நன்னூல். நரகத்தில் இருப்பவர்களுக்கும் உயர்திணையில் இடம் கொடுத்த அந்த நூற்பா, பேத்தோஸ்-2க்காகவே எழுதப்பட்டதோ என்று ஓர் இரவு எனக்குத் தோன்றியது. கடைசியில், சைமன் நேரடியாகப் பேசிப் பழகிய எந்த எந்திரத்துக்கும் ‘ஆன்’ விகுதியோ ‘ஆள்’ விகுதியோ கொடுப்பது என்றும், அவன் அவர்களின் இயக்கத்தை நிறுத்தும் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ‘அது’ என்று அவனை எழுத வைப்பது என்றும் முடிவுசெய்தேன். கொல்லும் நேரத்தில் திணையை மாற்றிக்கொள்வது மனிதர் வழக்கந்தானே.

‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் இதைவிடப் பெரிய தலைவலி. ஆமிக்ரானை விட்டுக் கீழே இறங்கும்போது கேத்தரின் ‘நாம் போகலாம்’ என்று சொன்னால், அந்த ‘நாம்’ தூங்குகிறவனையும் உள்ளடக்குமா? புதிய சைமன் தன் பழைய உடலை நினைத்து ‘நாங்கள் இருவரும்’ என்று சொன்னால், அவன் பேசிக்கொண்டிருக்கும் கேத்தரின் வெளியே நிறுத்தப்படுகிறார். ‘நாங்கள்’ என்பதற்கு இருவர் வேண்டும்; தான் ஒருவன்தான், தொடர்ச்சியாக வந்த ஒருவன்தான் என்று நம்ப விரும்புகிற சைமனால் அந்தச் சொல்லை உச்சரிக்கவே முடியாது. அவன் எப்போது முதன்முதலாக அதை உச்சரிக்கிறான் என்பதே என் கதையின் திருப்பம் என்று இப்போது நினைக்கிறேன்.

நகல் என்பதற்குத் தமிழில் ‘படி’ என்றும் ஒரு சொல் உண்டு. ஓலைச்சுவடியைப் படியெடுப்பது என்போம். பழைய ஏடுகளை ஆற்றில் விட்டதையும் தீயில் இட்டதையும் உ.வே.சாமிநாதையர் பதிவுசெய்திருக்கிறார். விளையாட்டில் மார்க் சராங் என்பவர் ஒரு கோட்பாட்டைப் பரப்புகிறார்: பேழைக்கான ஸ்கேன் எடுத்த கணத்திலேயே உயிரை விட்டுவிட்டால், நகலும் மூலமும் பிரிந்து இருவராவதற்கு இடம் இருக்காது, நீங்களே பேழைக்குள் தொடர்வீர்கள். அதை நம்பிப் பலர் இறந்துபோகிறார்கள். மூலத்தை அழித்துவிட்டால் படி மூலமாகிவிடும் என்பதுதான் சராங்கின் வாதம். அடிப்படையில் இது ஒரு சுவடிக்காரரின் தவறு. ஏடு போன பிறகு எஞ்சுவது படிதான், ஏடு ஆகிவிடாது. அந்தப் பாத்திரத்தை நான் ஏளனமாக எழுதப் போவதில்லை, அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது.

ரசிகர் புனைவு என்ற வகைமீதே ஐயம் கொண்டவர்கள் சிலர், இன்னொருவர் உருவாக்கிய உலகத்தில் போய் எதற்கு உழைக்கிறீர்கள், சொந்தமாக ஒன்றை எழுதலாமே என்று கேட்கிறார்கள். ரசிகர் புனைவுகளுக்கான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்துக்கே 2019இல் ஹியூகோ விருது கிடைத்ததைச் சொல்லி வாதாடலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. என் விடை எளியது. சோமாவின் மூலக்கதைக்கு நான் எழுதுவதால் எந்தச் சேதமும் வராது, அது தன் இடத்தில் அப்படியே இருக்கும். அதன் படியொன்று என் மேசையில் விழித்து, வேறு திசையில் நடக்கும். மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள முயலும் புனைவுதான் சராங்கின் தவறைச் செய்கிறது. முடிவைத் திருத்தும் கதைகளில் எனக்குள்ள மனத்தாங்கலும் அதுவே.

இன்னொன்றும் உண்டு. 2017 டிசம்பரில் இந்த விளையாட்டுக்குப் ‘பாதுகாப்பு முறை’ ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் அரக்கர்கள் சுற்றித் திரிவார்கள், நம்மைக் கொல்ல மாட்டார்கள். அந்த முறையில் ஆடினாலும் திகில் குறைவதில்லை என்பதைத் திரும்ப எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். துரத்தலையும் ஒளிதலையும் உரைநடையில் பக்கம் பக்கமாக எழுதுவது வீண். மூச்சிரைப்பைப் படித்து யாரும் பயப்படுவதில்லை. டவ் நிலையத்தில் பேழைக்குக் காவலாக, உடலோடு எஞ்சிய கடைசி மனிதராகப் படுத்திருக்கும் சாரா லிண்ட்வால், தன்னை உயிரோடு வைத்திருக்கும் எந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினாலும் தகும்.

நான்காவது வரைவு ஆமிக்ரானில் தொடங்குகிறது. மின்கலத்தை வடிக்காமல் நாம் விட்டுவந்த அந்தச் சைமன் விழிக்கிறான். எதிரிலிருந்த புதிய உடை இல்லை. படுகுழிக்குள் இறங்கும் மின்தூக்கி கீழே போய்விட்டது. கதவுகளைத் திறக்கும் ஆம்னிடூல் கருவியையும், அதற்குள் இருந்த கேத்தரினையும் மற்றவன் எடுத்துச்சென்றுவிட்டான். இவனுக்கு என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. ஸ்கேன் பலிக்கவில்லை, கேத்தரின் ஏதோ காரணத்துக்காகத் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றுதான் முதலில் நினைக்கிறான். ஆகவே அவர்மீது கோபப்படுகிறான். பிறகு மேசைமீது நாற்காலியின் இயக்கப் பதிவு ஒளிர்வதைப் பார்க்கிறான்: படியெடுத்தல் முழுமையாக நிறைவேறியது. பதிவைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். நாற்காலிக்கே வந்து, எழுந்தபோது இருந்த அதே நிலையில் அமர்கிறான். அறையின் மறுபக்கம், உடை நின்றிருந்த வெற்றிடத்தைப் பார்த்து முதல்முறையாக வாய் திறக்கிறான். அங்கே அவன் சொல்ல வேண்டிய சொல் ‘நாங்கள்’ஆ, ‘நாம்’ஆ என்பதில் பேனா இரண்டு வாரமாக நிற்கிறது.