நிறுத்திய பிள்ளையும் நீச்சல்காரிதான்

போன வாரம் ஒரு தோழி கேட்ட கேள்வி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. அவளுடைய மகளுக்குப் பதினான்கு வயது. ஆறு வருடமாகப் போட்டி நீச்சல், அதிலும் தவளைபோல நீந்தும் நெஞ்சு நீச்சல் (பிரெஸ்ட்ஸ்ட்ரோக்). இப்போது "போதும்மா" என்கிறாளாம். "இத்தனை வருஷம் கொட்டின பணம், விடிகாலைத் தூக்கம், எல்லாம் வீணா?" என்று தோழி கேட்டாள். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. என் மகளும் இதே வழியில் போனவள், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என் மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை மூன்றில் ஸ்விம்சேஃபர் என்ற நீச்சல் பாதுகாப்பு வகுப்பில் ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகள் தவளை உதை வராமல் திணறியபோது இவளுக்கு அது தானாக வந்தது. குதிகாலை இடுப்புப் பக்கம் இழுத்து, பாதத்தை வெளியே திருப்பி, வட்டமாக உதைத்துக் கால்களைச் சேர்க்க வேண்டும். பார்க்கச் சுலபம். ஈசூன் குளத்தில் காலையில் பேசிக்கொண்டே நீந்தும் ஆன்ட்டிகள் எல்லாரும் செய்வது அதுதானே. போட்டி வேகத்தில் செய்யும்போதுதான் முட்டியின் உட்பக்கம் எவ்வளவு பாரம் விழுகிறது என்று தெரியும். நெஞ்சு நீச்சல்காரர்களின் முட்டி வலிக்கென்றே மருத்துவத்தில் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

போட்டி நீச்சலின் நான்கு பாணிகளில் மெதுவானது இது. மற்ற பாணிகளில் கைதான் உடம்பை இழுத்துப்போகும், இதில் காலுக்குப் பெரிய பங்கு. இழு, மூச்சு வாங்கு, உதை, நீட்டிச் சறுக்கு. ஒன்று முடிவதற்குள் அடுத்தது அவசரப்பட்டால் தண்ணீர் பிடித்துப் பின்னால் இழுக்கும். அதனால்தான் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடம்பு வளரும்போது இந்தப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், தடுமாறுகிறார்கள். கால் நீளுகிறது, இடுப்பு அகலமாகிறது, பழைய தாளம் புது உடம்பில் உட்கார மாட்டேன் என்கிறது. என் மகளின் 100 மீட்டர் நேரம் ஒன்றரை வருடம் அசையவே இல்லை. அவளுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அவளிடம் சொல்லவும் செய்தேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன்.

ஒரு போட்டியில் திரும்பும்போது அவளுடைய ஒரு கை முந்திவிட்டது. நெஞ்சு நீச்சலில் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும், இல்லையென்றால் நீந்தியது கணக்கில் வராது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் வேகமாக நீந்தியிருந்தாள். பலகையில் பெயருக்கு நேரே நேரம் வரவில்லை. வீட்டுக்கு வரும்போது எம்ஆர்டி ரயிலில் அவள் வாயே திறக்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் உறவுக்காரர்கள். "வெயில்ல இப்படிக் கறுத்துட்டாளே" என்று ஒரு அத்தை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். "மெடல் என்ன வாங்கினா?" என்பது மாமாவின் கேள்வி. விளையாட்டு போன்ற திறமைக்காக இடம் தரும் டிஎஸ்ஏ வழியாக உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தபோது மட்டும் எல்லாருக்கும் நீச்சலின் பலன் புரிந்தது. அதுவும் சில நாள்தான். "அதான் சீட் கிடைச்சிடுச்சே, இனி எதுக்கு?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி முடிவில் வரும் ஓ லெவல் தேர்வுக்கு முந்தைய வருடம் அவளே நிறுத்தினாள். நிறுத்தியதும், அதுவரை நிறுத்தச் சொன்ன அதே வாய்கள் "ஏழு வருஷம் வீணாப் போச்சே" என்றன.

2025 ஆகஸ்ட் 3 அன்று காலாங்கில் உலக நீர் விளையாட்டுப் போட்டியின் கடைசி நாள். அவள் கேட்டதால் டிக்கெட் வாங்கினேன். நீச்சலை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. பெண்களுக்கான 50 மீட்டர் நெஞ்சு நீச்சல் இறுதிச் சுற்றில் லித்துவேனியாவின் ரூட்டா மெய்லுட்டீட்டே முதலில் தொட்டார். வயது 28. இந்தப் பந்தயத்தில் அவருக்கு அது தொடர்ந்து நான்காவது உலகத் தங்கம். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மகள் அழுதுகொண்டிருந்தாள். "அவங்க நடுவுல நிறுத்திட்டாங்கம்மா, தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. ரயிலில் வரும்போது முழுக் கதையையும் அவள்தான் சொன்னாள். ரூட்டாவுக்கு நான்கு வயதில் தாய் விபத்தில் இறந்துவிட்டார். 2010இல் அப்பாவோடு இங்கிலாந்தின் பிளிமத் நகருக்குப் போனார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 1 நிமிடம் 5.47 நொடியில் நீந்தித் தங்கம் வென்றபோது வயது 15. அமெரிக்காவின் ரெபெக்கா சோனியை 0.08 நொடியில் முந்தினார். அடுத்த வருடம் பார்சிலோனா உலகப் போட்டியில் 50, 100 மீட்டர் இரண்டிலும் உலக சாதனை. பதினாறு வயதில் ஒரு பிள்ளை தொடக்கூடிய உச்சம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டார். பிறகு முழங்கை உடைந்தது. 2016 ரியோவில் ஏழாவது இடம். 2017இல் அவருடைய 100 மீட்டர் சாதனையை இன்னொருவர் உடைத்தார். 2019இல், 22 வயதில், ஓய்வு அறிவித்தார். அந்த வருடமே இரண்டு ஆண்டுத் தடையும் வந்தது.

அந்தத் தடையைப் பற்றி என் மகளுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்தது. போட்டியாளர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், ஊக்கமருந்துச் சோதனைக்காக. பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் தண்டனை. ரூட்டா எந்தச் சோதனையிலும் பிடிபடவில்லை, சோதனைக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். தண்டனை நியாயம் என்றே நான் நினைக்கிறேன். விதி எல்லாருக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒழுங்காக இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அநியாயம். ஆனால் அந்த வருடங்களில் தான் மன அழுத்தத்தில் இருந்ததாகப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். பதினைந்து வயதில் ஒரு நாட்டையே தோளில் சுமந்தவள் வாடியபோது யாராவது உட்கார்ந்து கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. என் வீட்டில் நான் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அப்புறம் அவர் திரும்பி வந்தார். 2022 புடாபெஸ்டில் 50 மீட்டர் தங்கம். 2023 ஃபுகுவோகாவில் இரண்டு தங்கம், அதில் 50 மீட்டரை 29.16 நொடியில் நீந்தி மறுபடி உலக சாதனை. பதினாறு வயதில் நீந்தியதைவிட இருபத்தாறில் வேகம். பார்சிலோனாவுக்கும் ஃபுகுவோகாவுக்கும் நடுவில் பத்து வருடம்.

பிரிட்டனின் ஆடம் பீட்டியும் அப்படித்தான். 56.88 நொடியில் 100 மீட்டரை நீந்திய மனிதர், மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர், மனம் தளர்ந்து 2023இல் போட்டிகளிலிருந்து விலகினார். அடுத்த வருடம் பாரிசில் 0.02 நொடியில் தங்கத்தை விட்டு வெள்ளி வாங்கினார். இங்கேயும் நம் ரோவான் ஹோ நுரையீரல் பாதிப்பிலிருந்து மீண்டுவந்து 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50 மீட்டரில் வெள்ளி வென்றார். நெஞ்சு நீச்சலில் காத்திருப்பதற்கு இடம் இருக்கிறது. பதினான்கு வயதில் கணக்கு முடிக்க நமக்கு என்ன அவசரம்?

எல்லாப் பிள்ளையும் திரும்பி வந்து சாதனை படைக்கும் என்று சொல்ல வரவில்லை. என் மகள் இனி போட்டியில் இறங்க மாட்டாள், அது உறுதி. நான் சொல்வது "வீண்" என்ற அந்தச் சொல்லைப் பற்றி. நிறுத்திய பிறகு நான்கு வருடம் அவள் குளத்துப் பக்கமே போகவில்லை. தண்ணீர் பிடிக்காமல் இல்லை. குளத்தைப் பார்த்தாலே தோற்றவள் என்ற நினைப்பு வந்ததாம், இதையும் அந்த ரயிலில்தான் சொன்னாள். அந்த நினைப்பை அவளுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். நீச்சல் கொடுக்கவில்லை.

இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். போன நவம்பரில் ஒரு நாள் தன் பழைய நீச்சல் கண்ணாடியைத் தேடினாள். ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கி வந்தோம். முதல் நாள் இருநூறு மீட்டரிலேயே மூச்சு வாங்கியது, ஆனால் அந்த உதை அப்படியே இருந்தது.

தோழிக்கு: மகள் நிறுத்தட்டும். ஏன் என்று ஒரு முறை கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. பயிற்றுநரிடம் நீயே நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வா, அவள் தலைகுனிந்து போய் நிற்க வேண்டாம். நீச்சலுடையை யாருக்கும் கொடுத்துவிடாதே. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஈசூன் குளத்தில் இருப்போம். அவளுக்கு விருப்பம் இருந்தால் அழைத்து வா. உன் ஸ்டாப்வாட்சை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.