வியன்னா கடனில் கட்டவில்லை

"வியன்னா நகராட்சி கடன் வாங்கி இலவச வீடு கட்டியது, எந்த நகராட்சியும் அப்படிச் செய்யலாம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் விவரம் தவறு.

1923இல் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா வீட்டுவசதிக்கென்றே தனி வரி விதித்தது. எளிய குடியிருப்புக்குச் சொற்பம், மாளிகைகளுக்குப் பல மடங்கு. 1934 வரை கட்டிய அறுபதாயிரத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு முக்கிய நிதி, கடன் அல்ல, இந்த வரியும் பொது வரி வருவாயும்தான். அந்தக் கட்டடங்களின் சுவரிலேயே, "வீட்டு வரி நிதியிலிருந்து வியன்னா நகராட்சி கட்டியது" என்று ஆண்டோடு பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். வரி கட்டியவர் தெருவில் நடந்தபடியே கணக்கைப் படிக்கலாம்! எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

வீடுகள் இலவசமும் அல்ல. குடியிருந்தவர்கள் வாடகை கொடுத்தார்கள். கட்டுமானச் செலவை வரி ஏற்றுக்கொண்டதால், வாடகை பராமரிப்பையும் நடைமுறைச் செலவையும் ஈடுகட்டினாலே போதும் என்றிருந்தது.

"எந்த நகராட்சியும்" என்பதுதான் பெரிய பிழை. 1922இல் வியன்னா ஆஸ்திரியாவுக்குள் தனி மாகாணமானது. வரி விதிக்கும் அதிகாரம் அதனால் வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டால் வீடு கட்டி வாடகைக்கு விடுவதில் லாபம் இல்லாமல் போய், நிலத்தின் விலை விழுந்திருந்தது, நகராட்சி வாங்கிக் குவித்தது. வரி அதிகாரமும் நிலமும் இல்லாத உள்ளாட்சியிடம் போய் "வியன்னாவைப் பார்" என்றால் அது என்ன செய்யும்? மேலிருந்து வரும் மானியத்துக்குக் காத்திருக்கும். கேள்வியை அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.