ஆற்றின் பயன் சமவெளிக்கு மட்டும்தானா?

பள்ளிக்கூடத்தில் ஆற்றுக்கு மூன்று பருவம் சொல்லித் தருவார்கள். இளமையில் அரிக்கும், முதிர்ச்சியில் சுமக்கும், முதுமையில் வண்டலைப் படியவிடும். வயல், நகரம், பயன் எல்லாம் கடைசிப் பருவத்தின் கணக்கில். மலைக்குக் கிடைப்பது நீர்வீழ்ச்சிப் படம் ஒன்று. (பரீட்சைக்கு அப்படியே எழுதுங்கள் பிள்ளைகளே, என்னை நம்பி மாற்றிவிடாதீர்கள்.)

இலங்கையின் நம் மலையகத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஆக்ரா ஓயா, நானு ஓயா எல்லாம் வந்து சேரும் கொத்மலை ஓயாவைப் பாருங்கள் (ஓயா என்றால் சிற்றாறு). தலவாக்கலையில் மறித்து, மலைக்குள் சுரங்கம் வழியே இறக்கி, 2012இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். 150 மெகாவாட் நிலையம். அதில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி இளைத்துப்போனது தனிக்கதை. அதே தண்ணீர் கொத்மலை அணையில் இன்னொரு முறை டர்பைனைச் சுற்றுகிறது. மகாவலி ஆற்றில் கலந்தபின் பொல்கொல்லையில் ஒரு பங்கு வடக்கே திரும்பி, உக்குவளையில் மறுபடி மின்சாரமாகி, கலாவெவக் குளத்துப் பக்க வயல்களுக்குப் போகிறது. மிச்சம் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை அணைகள் வழியே இறங்கி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மகாவலியின் மொத்த நீளம் 335 கிலோமீட்டர். மேலே உயரமும் மழையும் இல்லாவிட்டால் இதில் எது நடக்கும்?

அப்புறம் அந்த அரிப்பு. அதையெல்லாம் இயற்கையின் தலையில் கட்டிவிட முடியாது. முன்பு தேயிலை மலையில் கான் வெட்டு, அதாவது வடிகால் வெட்டுவது, என்று தனி வேலையே இருந்தது. சரிவுக்குக் குறுக்கே கான், அதற்குள் இடையிடையே குழி. மண் குழியில் தங்கும், தண்ணீர் நிதானமாகப் போகும். தங்கிய மண்ணை அள்ளித் திரும்பத் தேயிலைத் தூருக்கே போடுவார்கள். இப்போது ஆளில்லை, செலவு அதிகம் என்று பல மலைகளில் கானைத் தூரவிட்டுவிட்டார்கள். ஒரு மழை பெய்தால் ஓடை பால்தேநீர் நிறத்தில் ஓடுகிறது. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குச் சரிவுகளின் மண் உமா ஓயாவோடு போய் ரந்தம்பையில் படிகிறது. அணை தூர்ந்தபின் கோடிக்கணக்கில் செலவழித்து அள்ளுவதைவிட மேலே கான் வெட்டுவது மலிவு என்பதற்கு நிபுணர் அறிக்கை வேண்டுமா?

இத்தனை பேருக்குத் தண்ணீர் அனுப்பும் மலையில், மார்ச் மாதம் வந்தால் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி நூலாக ஒழுகுகிறது. லயத்துப் பெண்கள் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். மின்சார வருமானத்தில் ஒரு சிறு பங்கை இந்த மலைகளுக்கென்றே ஒதுக்க வேண்டும். கான் வெட்டுகிறவருக்கு ஒழுங்கான சம்பளம், ஊற்றைச் சுற்றி மரம், லயத்துக்குக் குழாய். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை, தண்ணீர் அனுப்புகிறவர்களின் பங்காகக் கேட்கிறேன்.